இரைச்சலும் இசையும்: ருத்ரா குழுவின் கதை



இந்த வரிசையில் குழந்தை வளர்ப்பு, சிக்கனம், உடல்நலம் என்று பல பொருள்களைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் இசை. வீணையும் அன்று, நாதசுவரமும் அன்று. கேட்ட மாத்திரத்தில் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் ஓர் இசை. பிளாக் மெட்டல் என்று அதற்குப் பெயர். கறுப்பு உலோகம் என்று பொருள். தோட்டத்தில் இருக்கும் நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

நான் ஆசிரியையாக இருப்பது தெலுக் பங்லிமா காராங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், பள்ளி முடிந்து பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு தாய் வாசலில் வந்து நின்றார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். இப்போது இடைநிலைப் பள்ளியில் இருக்கிறான். அந்தத் தாயின் கையில் மகனுடைய கைப்பேசி இருந்தது.

"டீச்சர், இதைக் கொஞ்சம் கேளுங்க. பேய் கத்துற மாதிரி இருக்கு. ராத்திரி பூரா இதைத்தான் காதுல மாட்டிக்கிட்டுப் படுத்திருக்கான். அவங்கப்பா போனைப் போட்டு உடைக்கிறேன்னு நிக்கிறாரு. டீச்சர் கிட்ட கேட்டுட்டு வந்துடறேன்னு நான்தான் எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன்" என்றார்.

நான் கேட்டேன். உண்மையிலேயே யாரோ அலறுவது போலத்தான் இருந்தது. 'உடைத்துவிடுங்கள்' என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் என் வாயில் அந்தச் சொல் வரவில்லை. "ஒரு வாரம் பொறுத்துக்குங்க அம்மா, நான் விசாரிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன். ஏன் வரவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில், விசாரித்து நான் அறிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த இசையில் இருக்கும் கருவிகள் நமக்குத் தெரிந்தவையே. மின்சாரக் கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ் ஆகியவைதாம். நம் தோட்டத்துத் திருமண வீடுகளில் வாசிக்க வரும் இசைக்குழுவிடமும் இவை உண்டு. பிறகு ஏன் ஓசை மட்டும் இப்படி இருக்கிறது?

கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, அதன் தாங்கும் அளவுக்கு மேல் சத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? பாட்டு கரகரக்கும் அல்லவா? ஒலியானது அலை அலையாகச் செல்வது. கருவியால் தாங்க முடியாத உயரத்துக்கு அந்த அலை எழும்போது, அதன் தலை வெட்டுப்பட்டுப் போகிறது. வெட்டுப்பட்ட அலையிலிருந்து மூல ஒலியில் இல்லாத புதிய ஒலிகள் பிறக்கின்றன. அவைதாம் நம் காதில் கரகரப்பாக விழுகின்றன. கோயிலில் அது தவறு. மின்சாரக் கிதார் வாசிப்பவர்களோ அதையே வேண்டுமென்று செய்கிறார்கள். அதோடு, ஒரே தந்தியை மேலும் கீழுமாக அதிவேகமாக மீட்டுகிறார்கள். டிரம்ஸ் வாசிப்பவர் காலும் கையும் மாறி மாறி, இடைவெளி தெரியாதபடி அடிக்கிறார்.

அலறல் எப்படி வருகிறது? நம் குரல்வளையில் பேசுவதற்கு உதவும் மடிப்புகளுக்குச் சற்று மேலே இன்னோர் இணை மடிப்புகள் உண்டு. பொய்க்குரல் மடிப்புகள் என்று அவற்றைச் சொல்வார்கள். பயிற்சி பெற்ற பாடகர் அவற்றை அதிரச்செய்து அந்தக் கரகரப்பான குரலை எழுப்புகிறார். ஆகவே அது பேயும் அன்று, பிசாசும் அன்று. பழக்கத்தால் வரும் ஒரு தொழில்நுட்பம். பயிற்சி இல்லாமல் கத்துகிறவருக்குத் தொண்டை கெட்டுப்போகும் என்பதும் உண்மை.

இந்த இசைக்குப் பெயர் வந்த கதையைக் கேளுங்கள். 1982ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வெனம் என்னும் குழு தன் இசைத்தொகுப்பு ஒன்றுக்கு 'பிளாக் மெட்டல்' என்று பெயர் வைத்தது. பெயர் அங்கிருந்து வந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் சுவீடன் நாட்டுத் தலைநகர் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஓர் இளைஞர். குவார்தன் என்ற புனைபெயரில் அறியப்பட்டவர். 1984ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், பாத்தரி என்னும் தம் குழுவின் முதல் தொகுப்பைப் பதிவு செய்தார். எங்கே தெரியுமா? கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றை மாற்றியமைத்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில். கையில் காசு குறைவு, நேரமும் குறைவு. அதனால் ஓசை கரடுமுரடாக, தூரத்திலிருந்து கேட்பது போல வந்தது. வறுமையால் வந்த குறை அது. ஆனால் கேட்ட இளைஞர்கள் பலர் அந்தக் குறையையே அழகு என்று கொண்டார்கள்.

பத்தாண்டுகளுக்குள் அந்தக் குறை ஒரு கொள்கையாகிவிட்டது. நார்வே நாட்டைச் சேர்ந்த டார்க்த்ரோன் என்னும் குழு 1994இல் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' என்ற தொகுப்பை வெளியிட்டது. அதன் கருவிகள் அனைத்தையும் ஃபென்ரிஸ் என்ற ஒருவரே வாசித்தார். பதிவு செய்தது வீட்டில், நான்கு தடக் கருவி ஒன்றில்.

நான்கு தடம் என்றால் என்ன? நாம் பாட்டுக் கேட்ட ஒலிநாடாவை நினைத்துப் பாருங்கள். நாலு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம்தான் அந்த நாடாவுக்கு. அதில் ஒரு பக்கத்துக்கு இரண்டு கோடு, மறுபக்கத்துக்கு இரண்டு கோடு என்று நான்கு கோடுகளில் ஒலி பதிந்திருக்கும். நான்கு தடக் கருவி, நாடாவைத் திருப்பிப்போடாமல், அந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தும். முதல் கோட்டில் டிரம்ஸ், இரண்டாவதில் கிதார் என்று ஒருவரே ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துச் சேர்த்துக்கொள்ளலாம். நாடாவின் 'உஸ்' என்ற இரைச்சலும் கூடவே வரும். நல்ல கூடத்தில் பதிவு செய்ய வழியிருந்தும் அவர்கள் இதை விரும்பியே செய்தார்கள். மெருகு ஏறினால் உயிர் போய்விடும் என்பது அவர்கள் எண்ணம்.

இதன் விளைவு பெரியது. பெரிய நிறுவனமோ பண முதலீடோ இல்லாமல், ஒரு தனி மனிதன் தன் அறையிலிருந்தே இசைத்தொகுப்பு செய்யலாம் என்ற துணிவு உலகெங்கும் பரவியது. இளைஞர்கள் நாடாக்களை அஞ்சலில் அனுப்பி ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டார்கள். தென்னமெரிக்கா, கிழக்கு ஐரோப்பா, தென்கிழக்கு ஆசியா என்று எங்கும் இத்தகைய குழுக்கள் முளைத்தன.

நேயர்களே, நல்லதைச் சொன்ன நான் கெட்டதையும் சொல்ல வேண்டும். நார்வேயில் இந்த இசையைச் சேர்ந்த சிலர் கொடிய குற்றங்களைச் செய்தார்கள். 1992இல் பெர்கன் நகருக்கு அருகே ஃபான்டாஃப்ட் என்னும் பழைய மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வேறு பல தேவாலயங்களும் எரிந்தன. 1993 ஆகஸ்டில் மேஹம் என்னும் குழுவின் கிதார் வாசிப்பாளர் கொலை செய்யப்பட்டார். கொன்றவர் பர்சம் என்ற பெயரில் இசை செய்த வார்க் விகர்னஸ். அவருக்கு 1994இல் 21 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நான் மேலே சொன்ன டார்க்த்ரோன் தொகுப்பின் பின்னட்டையிலும் ஆரிய இனப்பெருமை பேசும் சொல் ஒன்று இருந்தது. கண்டனம் எழுந்தது. பிந்திய பதிப்புகளில் அது நீக்கப்பட்டது.

ஆகவே பயப்படும் பெற்றோரைப் பார்த்து நாம் சிரிக்கக் கூடாது. பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அந்தப் பயம் நம் நாட்டுக்கு வந்தபோது என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும்.

2001ஆம் ஆண்டில் கெடா மாநிலத்தில் பள்ளி மாணவர்கள் சிலர் பிளாக் மெட்டல் கூட்டத்தில் சேர்ந்துவிட்டதாகச் செய்தி கிளம்பியது. பள்ளிகளில் சோதனைகள் நடந்தன. நாடெங்கும் பத்திரிகைகளில் அதே பேச்சு. 2006இல் தேசிய பத்வா மன்றம் பிளாக் மெட்டல் கலாசாரம் முஸ்லிம்களுக்கு விலக்கப்பட்டது என்று முடிவு செய்தது. அதற்குச் சற்று முன்னர், 2005ஆம் ஆண்டின் கடைசி இரவில், கோலாலம்பூர் ஜாலான் கிள்ளான் லாமாவில் ஒரு கூடத்தில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. காவல்துறை சோதனை நடத்தி முந்நூறுக்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பிடித்துச் சென்றது. பிளாக் மெட்டல் கூட்டம் என்று செய்தி பரவியது. அங்கே வாசிக்கப்பட்டதோ பங்க், ஹார்ட்கோர் போன்ற வேறு வகை இசை. கறுப்புச் சட்டையும் இரைச்சலும் இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று எண்ணிவிட்டார்கள். தெரியாத ஒன்றைக் கண்டு பயப்படும்போது, எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இசைத்தொகுப்புக்கு வருகிறேன். அது நார்வேயில் பிறந்ததன்று. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் பிறந்தது. அதில் நம்மவர்களும் இருக்கிறார்கள்.

1992ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் இந்திய இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். கதிர் என்பவர் பாட்டும் பேஸ் கிதாரும். சிவா என்பவர் டிரம்ஸ். குழுவுக்கு ருத்ரா என்று பெயர். உருத்திரன் என்ற பெயருக்கு உரத்து ஓலமிடுபவன் என்றும் பொருள் சொல்வார்கள். இந்த இசைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? இடையில் குழு கலைந்து, மீண்டும் கூடியது. 1998இல், குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் இசைத்தொகுப்பு வெளிவந்தது. மெருகு குறைந்த, முரட்டு ஓசை கொண்ட தொகுப்பு அது.

நுணுக்கமாகப் பிரித்துப் பேசுகிறவர்கள், ருத்ரா முழுமையான பிளாக் மெட்டல் குழு அன்று என்பார்கள். டெத் மெட்டல் என்னும் அண்டை வகையும் பிளாக் மெட்டலும் கலந்தது அவர்களுடைய இசை. அண்ணன் தம்பி போன்ற வகைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமும் அலறலும் கரகரப்பும் இரண்டுக்கும் பொது.

ஆனால் அந்த அலறலுக்குள் இருந்த பொருள்தான் வேறு. ஐரோப்பியக் குழுக்கள் பல கிறிஸ்துவ சமயத்தை எதிர்ப்பதையே பொருளாகக் கொண்டிருந்தன. அவர்களுடைய கோபம் அவர்களுடைய ஊர்க் கோபம். அதை அப்படியே இரவல் வாங்கிப் பாடிய ஆசியக் குழுக்களும் இருந்தன. ருத்ரா அப்படிச் செய்யவில்லை. கதிர் அத்வைத வேதாந்தம் பயின்றவர். நான் யார், உடல் நானா, மனம் நானா, அழியாதது எது என்று உபநிடதங்கள் எழுப்பும் கேள்விகளை அவர் இந்த இசைக்குள் கொண்டுவந்தார். பாடல்களின் பெரும்பகுதி ஆங்கிலம். இடையிடையே சம்ஸ்கிருதச் சுலோகங்கள். தங்கள் இசைக்கு வேத மெட்டல் என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

முதல் தொகுப்பில் ஊன்றிய விதை பிறகு மரமாக வளர்ந்தது. 2001இல் 'தி ஆரியன் குருசேட்', 2003இல் 'குருக்ஷேத்ரா' வெளிவந்தன. பின்னர் பிரம்மவித்யா என்ற பொதுத்தலைப்பில் 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்புகள் வந்தன. 2022இல் 'எயிட் மகாவித்யாஸ்' வந்தது. கொட்டகையில் பிறந்த ஓர் ஓசையைக் கொண்டு முப்பது ஆண்டுகள் தத்துவம் பேசியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி நின்று யோசிக்க வேண்டும். ஆரியன் என்ற சொல் டார்க்த்ரோனின் அட்டையிலும் இருந்தது, ருத்ராவின் அட்டையிலும் இருந்தது. முன்னதில் அது இனவெறிச் சொல். ஐரோப்பாவில் அந்தச் சொல்லைச் சொல்லி இலட்சக்கணக்கான மக்களைக் கொன்றிருக்கிறார்கள். சம்ஸ்கிருத நூல்களிலோ அது பண்பில் உயர்ந்தவரைக் குறிக்கவும் வழங்கும் சொல். வேதாந்தம் பேசும் குழுவின் அட்டையில் அதை அந்தப் பொருளில்தான் நான் படிக்கிறேன். தமிழராகிய நமக்கோ அந்தச் சொல்லைக் கேட்டவுடன் வேறொரு பழைய வழக்கு நினைவுக்கு வரும். எனக்கு அந்தத் தலைப்பு பிடிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனாலும் சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று முடிவு கட்டிவிடலாமா? சொல்லுக்கே இப்படி என்றால், ஓசைக்கு மட்டும் எப்படி முடிவு கட்டுவது?

ருத்ராவின் வேலையைப் படித்தவர்களும் கவனித்தார்கள். சிங்கப்பூர்த் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த இசை ஆய்வாளர் யூஜின் டைரியநாதன், வேத மெட்டலும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகமும் என்ற பொருளில் 2009இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். சிறுபான்மைச் சமூகத்தில் பிறந்த ஓர் இளைஞன், கோயிலும் ஒரு பக்கம், மேலைநாட்டு இசையும் ஒரு பக்கம் இழுக்கும்போது, தன்னை யார் என்று சொல்லிக்கொள்வது என்பது அதில் உள்ள பெரிய கேள்வி. நம் பிள்ளைகளின் கேள்வியும் அதுவே அல்லவா?

ருத்ராவுக்குப் பிறகு வேத மெட்டல் என்பது ஒரு குழுவின் பெயராக நில்லாமல் ஒரு வகையின் பெயராயிற்று. நேபாளத்தின் காத்மாண்டு நகரைச் சேர்ந்த டையிங் அவுட் ஃபிளேம் என்னும் குழு, 2014இல் சிவபெருமான் மீதான தோத்திரத்தின் பெயரைத் தலைப்பாகக் கொண்டு, முரட்டு இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. வடக்கே நார்வேயில் தேவாலயத்தை எரித்தவர்கள் கேட்ட அதே வகை ஓசை, இமயமலை அடிவாரத்தில் சிவதோத்திரத்தைச் சுமக்கிறது. சுமக்கும் வண்டி ஒன்றுதான். ஏற்றிய சரக்கு வேறு.

சிங்கப்பூர் அரசும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. 2019 மார்ச்சில் சுவீடனைச் சேர்ந்த வாத்தேன் என்னும் பிளாக் மெட்டல் குழுவின் நிகழ்ச்சிக்குக் கொடுத்த அனுமதியைக் கடைசி நேரத்தில் நீக்கியது. சமய நல்லிணக்கத்தைக் காரணம் காட்டியது. அது சரியா தவறா என்று வாதாட நான் வரவில்லை. இரைச்சல் போடும் எல்லாக் குழுவையும் அங்கே ஒரே கட்டாகக் கட்டித் தள்ளிவிடவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

நேயர்களே, முரட்டு ஓசை நமக்குப் புதிதா? நம் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். உறுமி மேளம் இல்லாமல் தீமிதி உண்டா? வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து, புலி உறுமுவது போல ஓசை எழுப்புவதால்தானே அதற்கு உறுமி என்று பெயர்! அந்த ஓசையைக் கேட்டு அருள் வந்து ஆடுகிறவர்களைத் தாங்கிப் பிடித்த கைகள் நம் கைகள். அந்த உறுமியையும் பறையையும் காட்டு இரைச்சல் என்று இகழ்ந்தவர்கள் உண்டு. பத்துமலைத் தைப்பூசத்தில் உறுமி மேளக் குழுக்கள் எப்படி வாசிக்க வேண்டும், எதை வாசிக்கக் கூடாது என்று விதிமுறைகள் வந்ததையும் அறிவோம். நம் பிள்ளைகள் உறுமியை எடுத்தால் முரடர்கள் என்று பிறர் சொன்னபோது நமக்கு வலித்தது. அதே சொல்லை நம் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து நாமே சொல்லலாமா?

இனி, அந்தத் தாயிடம் 'உடைத்துவிடுங்கள்' என்று ஏன் என் வாய் சொல்லவில்லை என்பதைச் சொல்கிறேன்.

2001ஆம் ஆண்டு. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீடு வந்திருந்தேன். அப்பா தோட்டத்தில் குலை வெட்டும் வேலை செய்தார். என் தம்பிக்கு அப்போது பதினேழு வயது. கட்டிலுக்கு அடியில் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி வைத்திருந்தான். அது நிறைய கேசட்டுகள். பல அவன் நண்பர்களிடமிருந்து பதிவு செய்து வாங்கியவை. அட்டையில் அவனே பேனாவால் பெயர் எழுதியிருப்பான். ஒரு நாள் யாரோ பத்திரிகையைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டி, கெடா செய்தியைப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால், குப்பை எரிக்கும் இடத்துக்குப் போனார்.

தம்பி என்னைப் பார்த்தான். படித்த அக்கா ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தான். நான், "அப்பா செய்யறது உன் நல்லதுக்குத்தான்" என்றேன். கேசட்டு எரியும் நாற்றம் இரவு முழுவதும் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

தம்பி அழவில்லை, சண்டை போடவில்லை. அன்றிலிருந்து அப்பா சாப்பிட உட்காரும் நேரத்தில் அவன் வீட்டில் இருக்க மாட்டான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு வருவான், இரண்டு நாளில் திரும்பிவிடுவான். அப்பா மறைந்த பிறகு, காரியம் எல்லாம் முடிந்த ஒரு மாலையில், அந்தப் பெட்டியில் என்னென்ன இருந்தன என்று எனக்குச் சொன்னான். அவற்றில் ஒன்று ருத்ராவின் முதல் தொகுப்பு. "அக்கா, அதுலதான் நான் மொத மொதல்ல சுலோகத்துக்கு அர்த்தம் தேட ஆரம்பிச்சேன்" என்றான்.

பிள்ளை கெட்டுவிடக் கூடாது என்று அப்பா எரித்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து குலை வெட்டப் போகிற மனிதர், தமக்குத் தெரிந்த வழியில் பிள்ளையைக் காத்தார். படித்தவள் நான்தான். "என்ன பாட்டு அது, போட்டுக் காட்டு" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஆகவே இந்த முறை கேட்டேன். ஒரு வாரம் கழித்து அந்தத் தாயையும் மகனையும் சேர்த்துப் பள்ளிக்கு வரச்சொன்னேன். கைப்பேசியை மேசைமேல் வைத்து, "நீயே போட்டுக் காட்டுப்பா, எதுல என்ன இருக்குன்னு சொல்லு" என்றேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு பேச ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் பேசினான். வகுப்பில் நான் பாடம் கேட்டால் இரண்டு சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளை அவன்! அவன் காட்டியவற்றில் ருத்ராவும் இருந்தது. இனவெறி பேசும் ஒரு வெளிநாட்டுக் குழுவின் பாடலும் இருந்தது. அதன் பொருளை அவன் அறிந்திருக்கவில்லை. நான் தமிழில் எடுத்துச் சொன்னதும், "நம்மளத்தானே டீச்சர் இவங்க சொல்றாங்க" என்று கேட்டு, அவனே அதை அழித்துவிட்டான்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையும் இப்படி ஏதேனும் கேட்டுக்கொண்டிருந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, அந்தப் பாட்டு என்ன சொல்கிறது? உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் பிள்ளையையே பொருள் சொல்லச் சொல்லுங்கள். பொருள் சொல்ல வெட்கப்படும் பாட்டைப் பற்றிப் பிள்ளையே யோசிக்கத் தொடங்கும். இரண்டாவது, பாடுகிறவர் யார், அவர் என்ன செய்தவர்? மூன்றாவது, கேட்கும் பிள்ளை எப்படி இருக்கிறது? தூங்குகிறதா, சாப்பிடுகிறதா, பள்ளிக்குப் போகிறதா, நண்பர்களோடு சிரித்துப் பேசுகிறதா? பிள்ளை ஒடுங்கிப்போய், தன்னையே வருத்திக்கொண்டால், பாட்டை நிறுத்தினால் மட்டும் போதாது. ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துப் போங்கள். அங்கே பாட்டு நோயன்று, நோயைக் காட்டும் அறிகுறியாக இருக்கலாம்.

காதில் மாட்டிக்கொண்டு மிகுந்த சத்தத்தில் நெடுநேரம் கேட்டால், எந்தப் பாட்டானாலும் காது கெடும். அந்தக் கண்டிப்பு மட்டும் பக்திப் பாட்டுக்கும் வேண்டும்.

அந்தத் தாய் வீட்டுக்குப் புறப்படும்போது என்னிடம் சொன்னார்: "இன்னமும் எனக்கு இது பாட்டாத் தெரியல டீச்சர். ஆனா அவன் பேசுனதைக் கேட்டேன்ல, அது போதும்." கைப்பேசியை மகனிடமே கொடுத்தார். இருவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்கள்.

நம்முடைய காதுக்குப் பிடிக்காத ஓசைக்குள்ளும் நம் பிள்ளை ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கலாம். அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, கண்டிக்க வேண்டியதைக் கண்டியுங்கள். கேட்பதற்கு முன் எரித்துவிடாதீர்கள்.